முறைக்காரரின் பிளாட்பாரம் டிக்கெட்

வரிசையைக் கண்டால் சந்தோஷப்படுகிற மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் முறைக்காரர். ரேஷன் கடையில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் நாமெல்லாம் பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். அவர் அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்புவார், வாங்க வேண்டியது எதுவும் இல்லாவிட்டாலும்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலில் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டது. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்று இன்னார், நாளை இன்னார் என்று முறை வைத்து இறங்குவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எங்கள் குப்பத்தில் அந்தச் சீட்டைக் குலுக்குகிறவர் அவர். குலுக்கிக் குலுக்கி, அந்தப் பழக்கம் ஏரியை விட்டுக் கரையேறி ஊருக்குள்ளேயே வந்துவிட்டது.

ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் பந்தியிலும் பாயசத்துக்காக உட்கார்ந்த மாப்பிள்ளையின் அப்பாவை, "உன் மொற முடிஞ்சிச்சி நைனா" என்று எழுப்பி அனுப்பினார். பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டரையே கடைசியாக ஏறச் சொன்னார், "நீ இப்பதான வந்த?" என்பது அவர் வாதம். ஏரிக்கு வரும் பூநாரைகள்கூட இவர் படகைக் கண்டால் வரிசையில் நின்றுதான் இரை பொறுக்கும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். அவர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்வதில்லை. "நின்னா நல்லதுதான?" என்பார்.

இப்படிப்பட்டவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை ரயில் நிலையம் ஒன்றில் நான் மாட்டிக்கொண்டேன்.

என் மகள் பூங்கொடிக்கு மதுரைப் பக்கம் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நேரில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக ஒரு மாதம் முன்பே கவுன்டரில் எடுத்து வைத்திருந்தேன். மூன்று நாளாக மழை. விடிகாலை முதல் பஸ்ஸில் ஏறினால், பின்னாலேயே முறைக்காரரும் ஏறினார்.

"வலைக்கு நூல் வாங்கணும்மா, மெட்ராஸ்ல" என்றார். அப்படியே ஸ்டேஷன் வரை வந்து, ஒரு பிளாட்பாரம் டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு, பூங்கொடியின் பெட்டியைத் தலையில் வைத்து நடந்தார்.

உள்ளே போனால் பலகையில் எங்கள் வண்டிக்கு நேராக "ரத்து" என்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியாக வர வேண்டிய பெட்டிகள் எங்கோ வெள்ளத்தில் நின்றுவிட்டனவாம். பஸ் கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டேன். எதிலும் சீட் இல்லை. வேறு ஒன்றும் தோன்றாமல், டிக்கெட்டை ரத்து செய்யும் படிவத்தை வாங்கி அழுதுகொண்டே எழுத ஆரம்பித்தேன். பேனாவை யாரோ பிடுங்கினார்கள்.

"இன்னாம்மா எழுதற?"

"கேன்சல் பண்றேன் மாமா."

"நீ எதுக்குப் பண்ற? வண்டிய அவுங்கதான கேன்சல் பண்ணாங்க? நீயா பண்ணா புடிச்சிகினு குடுப்பாங்க. அவுங்களா பண்ணா முழுசா வரும். மூணு நாள் டயம் கீது, பணம் எங்கியும் ஓடாது. இப்ப பொண்ணு போவணும். டிக்கெட்ட உள்ள வை."

ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு எதையும் அவர் விட்டதில்லை. மற்றவர்கள் சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல நின்று படிப்பார்.

விசாரணை ஜன்னலில் கேட்டோம். அடுத்த மதுரை வண்டி பகல் பன்னிரண்டு மணிக்கு இருந்தது. "ஆனா இந்த டிக்கெட் அதுல செல்லாதுங்க" என்றார் ஊழியர்.

"எங்க ஏரியில காத்தடிச்சி ஒருத்தன் பாடு போச்சுன்னா, மறுநா மொத பாடு அவனுக்குதான் சார். காத்தடிச்சது அவன் தப்பா?"

"பெரியவரே, இது ஏரி இல்ல."

"அதான் தண்டவாளத்துல தண்ணி நிக்குதே சார்."

ஊழியர் சிரித்துவிட்டார். ஆனாலும் விதி விதிதான். மேலே யாராவது எழுதிக் கொடுத்தால்தான் உண்டு என்றார். முறைக்காரருக்கு அது போதும். அரை மணி நேரத்தில், ரத்தான வண்டிக்காக வந்து ஆளுக்கொரு மூலையில் கத்திக்கொண்டிருந்த நாற்பது பேரைப் பொறுக்கியெடுத்து ஒரே வரிசையாக்கி, நிலைய அதிகாரியின் அறைக்கு நடத்திப் போனார். கூட்டமாக வந்து கத்தினால் போலீஸைக் கூப்பிடலாம். ஒருவர் பின் ஒருவராக வந்து வணக்கம் சொன்னால் பாவம், அந்த அதிகாரிதான் என்ன செய்வார்? ஏழாவது வணக்கத்தில் போனை எடுத்தார்.

மேலிடத்தில் பேசிவிட்டு, "மழையால அந்த வண்டிக்கும் நிறைய பேர் வந்து சேரல. காலியா இருக்கிற சீட்டை உங்க டிக்கெட்டிலேயே எழுதித் தரேன். இன்னைக்கு மட்டும்தான், தினம் இப்படிக் கேக்காதீங்க. ஆனா பதினேழு சீட்தான்" என்றார்.

பதினேழு என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததும் வரிசை சிதறியது. பட்டுப்புடவையும் பெரிய கைப்பையுமாக ஒரு அம்மாள் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியலம்மா" என்றார் முறைக்காரர். "சொல்லு, சீட்டுல எழுதிக்கிறேன்."

என் டிபன் டப்பாவிலிருந்த இட்லியைப் பூங்கொடி கையில் கொடுத்து, டப்பாவைத் துடைத்தார். டிக்கெட்டுக்கு ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டார். நான் அவர் காதருகே குனிந்தேன். "மாமா, நம்ம ஊர்ப் பொண்ணு. அவ சீட்டை மட்டும் கையில வச்சிக்குங்களேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "அப்புறம் அது பாடு இல்லம்மா, திருட்டு" என்றார்.

அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை.

அதிகாரியின் கையாலேயே சீட்டை எடுக்கச் சொன்னார். முதல் சீட்டில் மூன்று பேர். அடுத்ததில் இரண்டு. ஒவ்வொரு பெயரையும் ஏலம் கூறுவதுபோல் உரக்கப் படித்தார். பன்னிரண்டு போனது. பதினைந்து போனது. பதினாறாவது பட்டுப்புடவை அம்மாள். மிச்சம் ஒரே ஒரு சீட். அதிகாரி கடைசியாக எடுத்துப் பிரித்தார். எங்கள் டிக்கெட். அதில் இரண்டு பேர்.

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்கொடி பெட்டியைத் தூக்கிவிட்டாள். "ஒண்ணு இருக்கில்ல? நான் போறேம்மா."

"தனியாவா? வேணாம்டி!"

"மொற அவளுக்கு வந்துருக்கு. நீ குறுக்க நிக்காத" என்ற முறைக்காரர், பட்டுப்புடவை அம்மாள் பக்கம் திரும்பினார். "யாருன்னு தெரியுமான்னு கேட்டியேம்மா. மதுர வரிக்கும் நீதான் இந்தப் பொண்ணுக்குப் பெரியம்மா. சரியா?"

அந்த அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தேன். ஐந்நூறு பொண்ணுங்களப் பாத்துக்கிட்டேன், இவ ஒருத்தியப் பாத்துக்க மாட்டேனா? உங்க போன் நம்பரைச் சொல்லுங்க" என்றார் என்னிடம்.

அதிகாரி டிக்கெட்டில் எழுதிப் பூங்கொடியிடம் கொடுத்தார். நான் பயணம் செய்யவில்லை, என் பங்குப் பணத்தைத் தரலாம் என்று தனித்தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். அதையும் கேட்டு வாங்கியவர் முறைக்காரர்தான். வண்டி நகர்ந்தது. மகளின் கை ஜன்னலில் சிறியதாகிக்கொண்டே போனது. நான் அழுதேன். இடம் கிடைக்காதவர்களில் பத்துப் பதினைந்து பேர்கூட, திட்டாமல், நின்று கையசைத்தார்கள். இடத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் யாரும் அப்படிக் கையசைத்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் தாளைக் காட்டினேன். முறைக்காரர் சட்டைப் பையிலிருந்து பிளாட்பாரம் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"இது ரெண்டு மணி நேரத்துக்குத்தாங்க. நீங்க வந்து நாலு மணி நேரம் ஆச்சு."

அவர் டிக்கெட்டை வாங்கித் திருப்பிப் படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "கரெக்டு சார். ரசீது குடுத்துருங்க."

செய்தி கேட்டு நிலைய அதிகாரியே வெளியே ஓடி வந்தார். "விடுப்பா, இவர்தான் இன்னைக்கு என்னைக் காப்பாத்தினாரு."

"எனக்கு மட்டும் இன்னா சார் தனி மொற?" என்று அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்.

வெளியே வந்ததும், "வாங்க மாமா, உங்க நூலை வாங்கிட்டுப் போயிடலாம்" என்றேன்.

"ஞாயித்திக்கெழம எவன்மா நூல் கட தொறப்பான்?" என்று சொல்லிவிட்டு, மின்சார ரயிலுக்கு டிக்கெட் வாங்கும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் போன் செய்தார். "செங்கல்பட்டு தாண்டியாச்சு, இட்லி சாப்பிட்டுட்டா." "விழுப்புரம், தூங்கறா." "மதுரை வந்தாச்சு, ராத்திரி எங்க வீட்டுலயே படுத்துக்கட்டும்." மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பூங்கொடியே பேசினாள்: "சேந்துட்டேம்மா!" ஏரிக்கரைக்கே கேட்கும்படி கத்தினேன்.

இப்போது அவளை ரயிலேற்றப் போகும்போதெல்லாம் அவரும் பெட்டி தூக்க வருகிறார். நூல் கதையெல்லாம் சொல்வதில்லை. நான் அவருக்கென்று இரண்டு பிளாட்பாரம் டிக்கெட் எடுக்கிறேன். "ரெண்டும் ஒரே நேரத்துலதான் முடியும்மா, வீண் செலவு" என்று ஒவ்வொரு முறையும் விதியை விளக்குகிறார். எனக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு எடுக்கிறேன்.