மாமா கடையில் முதல் போணி

சிலருக்கு நாயைக் கண்டால் பயம், சிலருக்குப் பேயைக் கண்டால் பயம். எனக்குச் சிதம்பரத்து மாமாவைக் கண்டால் பயம். நாய்க்கும் பேய்க்கும் இல்லாத ஒரு வசதி மாமாவுக்கு உண்டு. அவர் போன் செய்வார். திரையில் 'மாமா' என்று தெரிந்தாலே நான் எழுந்து நின்றுவிடுவேன். (உட்கார்ந்தபடி பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.)

பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு அப்போதுதான் முழு நேரமும் வீடியோ போட ஆரம்பித்திருந்தேன். கடலூர் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையில் எது மலிவு என்று தேடிப் போய்க் காட்டுவேன். வருமானமும் வந்தது. அதை நம்பத்தான் வீட்டில் ஆள் இல்லை. அப்பா மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகத்தில் இருப்பவர். அவரைப் பொறுத்தவரை, வேலை என்றால் தலைக்கு மேல் ஒரு அதிகாரி இருக்க வேண்டும்.

"உனக்கு மேல யாருடா? யார்கிட்ட லீவு கேப்ப?" என்றார்.

"யார்கிட்டயும் கேக்க வேணாம்பா."

"அப்ப அது வேலையே இல்ல" என்று முடித்துவிட்டார்.

அம்மா இந்த வழக்கைத் தன் அண்ணனிடம் கொண்டுபோனார். எங்கள் குடும்பத்தில் மாமா சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு. சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்பு ஆலையில், லாரிக்கு எடை போடும் இடத்தில், எனக்கு வேலையே பேசி வைத்திருந்தார்.

"ஒரே ஒரு தடவ என் கடைய வீடியோ எடுத்துக் காட்டட்டும். அதனால ஒரு பிரயோஜனம் இருந்துச்சுன்னா அவன் இஷ்டம். இல்லன்னா திங்கக்கெழம பெண்ணாடம்" என்றார். பெண்ணாடத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கரும்பு லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். மாமா ஷட்டரைத் தூக்கி, சாம்பிராணி போட்டு, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டார். நான் கேமராவைப் பிடித்திருந்தேன்.

"ஏம்பா, கை இந்த ஆட்டம் ஆடுது? சாப்புட்டியா இல்லியா?" என்றார் அத்தை. மாமாவோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் பயம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி அவர்.

முதல் ஆளாக ஒரு அம்மா வந்து, இட்லிக் குண்டானை எடுத்துப் பாதி விலைக்குக் கேட்டார். மாமா முகம் சுளித்தார். ஆனாலும் கொடுத்துவிட்டார்.

"காலைல மொத போணிம்மா. திருப்பி அனுப்ப மனசு வர்ல. எடுத்துட்டுப் போங்க." வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்து வந்தவர் கெஞ்சியும் சல்லிக்காசு குறைக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போணி என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். அதை ஊரைக் கூட்டிச் சொல்வதற்குத்தான் ஒரு முட்டாள் தேவைப்பட்டான். 'சிதம்பரத்தில் பாதி விலைக்குப் பாத்திரம்! காலையில் முதல் ஆளாகப் போனால் போதும்!' என்று தலைப்புப் போட்டு, கடைக்கு வழியும் சொல்லி, சாயங்காலமே வீடியோவை ஏற்றிவிட்டேன். அது பிய்த்துக்கொண்டு ஓடியது. பெண்ணாடம் தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பஸ் பிடித்துப் போனேன். தெருமுனை திரும்பியதும் பகீரென்றது. கடை வாசலில் அவ்வளவு கூட்டம். மாமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிட்டே போனதும், அழுகை வேறு காரணத்துக்காகத் தொடர்ந்தது.

"நாந்தாங்க மொத ஆளு! என் செருப்பப் பாருங்க, மொதல்ல கெடக்குது!"

"செருப்பு வந்தா நீ வந்ததா அர்த்தமா? செருப்புக்கா குண்டான் வாங்கப் போற?"

ஒருவர் ஷட்டர் பூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா சாவியோடு குனிந்து, "அண்ணே, பூட்ட விட்டாத்தான் தொறக்க முடியும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்னாடா பண்ணி வெச்ச?" என்றார், மெதுவாக. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அத்தைதான் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பின்சந்து வழியாக உள்ளே போனார். போனதும் ஒரு கரண்டியை எடுத்தார். மாமாவிடம் விலை கேட்டார். பேரம் பேசாமல், முழு விலையையும் கல்லாவில் போட்டார்.

"போணி ஆயிடுச்சு. இப்பத் தூக்குங்க ஷட்டர."

உள்ளே கல்லாச் சத்தம் கேட்டதும் பூட்டைப் பிடித்தவர் கையை விட்டுவிட, மாமா மறுபடி சந்தைச் சுற்றிப் போய்ப் பூட்டைத் திறந்தார்; ஷட்டர் ஏறியது. "மொத போணி முடிஞ்சிடுச்சுங்க. ரெண்டாவது யாரு, வாங்க" என்றார் அத்தை. இரண்டாவதாக வர ஒருவரும் தயாராக இல்லை. "வீடியோவுல பேசுனானே, அவன் எங்க?" என்று மட்டும் பல குரல்கள் கேட்டன.

அவன் அதற்குள் மூலையில் இருந்த பெரிய அண்டாவுக்குள் இறங்கிவிட்டிருந்தான். முழங்கால் மோவாயில் இடிக்க, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். புவனகிரியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் உள்ளே வந்து அந்த அண்டாவைத் தேர்ந்தெடுத்தார். பாத்திரம் வாங்குகிறவர் தட்டிப் பார்க்காமல் வாங்குவாரா? தட்டினார். என் காதுக்குள் கோயில் மணி அடித்தது.

"சத்தம் சரியில்லியே. உள்ள ஏதாச்சும் கெடக்குதா?"

"ஒன்னுத்துக்கும் ஒதவாத சாமான் ஒன்னு கெடக்கு" என்றார் மாமா.

பெரியவர் எட்டிப் பார்த்தார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. அந்தப் பயத்தில் என் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்தது இதுதான்: "வணக்கம் நண்பர்களே!"

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அது அப்படியே வாசல் வரைக்கும் தொற்றியது. பூட்டைப் பிடித்திருந்தவர்கூடச் சிரித்தார்.

"பொண்ணுக்குச் சீர் சாமான் எப்பிடியும் வாங்கணும். வந்தது வந்துட்டேன்" என்று பெரியவர் அந்த அண்டாவையே சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டார். (என்னை இறக்கிவிட்டுத்தான்.) அவரைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் கட்டிக் கொடுக்கச் சணல் தீர்ந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. என்னைப் பார்த்து, அவருக்கு! போனை எடுத்து அப்பாவை அழைத்தார்.

"மச்சான், நம்ம பையன வேல வெட்டி இல்லாதவன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இல்ல, ரொம்ப ஆபத்தானவன். அவன் இஷ்டப்படியே விட்ருங்க. ஆலைக்கெல்லாம் அனுப்ப வேணாம். பாவம், அவுங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?"

அப்படித்தான் எனக்கு விடுதலை கிடைத்தது. வீடியோதான் இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் சொந்தத்தில் யார் புதிதாகக் கடை திறந்தாலும், வெற்றிலை பாக்கோடு வந்து எங்கள் குடும்பத்தையே வாய் நிறைய அழைப்பார்கள். அழைத்துவிட்டு, வாசல் வரை போனவர்கள் என் பக்கம் திரும்பித் தவறாமல் சொல்வார்கள்:

"தம்பி, நீ மட்டும் போணி ஆனப்புறம் வாப்பா."