கரி சார் போட்ட கண்

அந்த நடிகையின் முகத்தைப் பெற்ற தாயைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் கரி சார். இத்தனைக்கும் நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

எழுபதுகளில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை. அதன் டிராயிங் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை அவருடையது. வேப்பங்குச்சிகளை டப்பாவில் அடைத்துச் சுட்டு, படம் வரையத் தானே கரி தயாரிப்பார். மூக்கு, காது, டிபன் பாக்ஸ், எல்லாவற்றிலும் கரி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தே வேண்டாம். பக்கத்தைத் தொட்டாலே வருகை பதிந்துவிடும். பகலெல்லாம் பல்சக்கரம் வரைவார். ஆபீஸ் விட்டால் அந்த நடிகை. நாட்டியத்தில் கண்ணை ஓரமாக ஓட்டுவாரே, அந்த ஒரு பார்வைக்காக நூறு படம் வரைந்து நூறையும் கிழித்தார். "மூக்கு வந்துடுச்சுய்யா, முழி வரலை" என்று என்னிடம் புலம்புவார், ஏதோ நான்தான் எடுத்து ஒளித்து வைத்த மாதிரி.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. எங்கள் காலனித் தமிழ் மன்ற விழாவில் ஆட அந்த அம்மாவே வருகிறார்! கரி சாருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பத்து நாள் லீவு போட்டார். பதினோராம் நாள் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், முழி வந்திருந்தது. அதை அந்த அம்மாவிடம் கொடுத்து, நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஜென்மத்துக்கு வேறெதுவும் வேண்டாம் என்றார்.

விழா அன்று படத்தை ஹால் வாசலில் ஒரு நாற்காலியில் சாய்த்துவிட்டு, சட்டை மாற்ற வீட்டுக்கு ஓடினார். அலங்காரப் பொறுப்பு என்னுடையது. வாசல் மொட்டையாக இருக்கிறதே என்று, மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய மல்லிகை மாலையைப் படத்துக்குப் போட்டேன். குங்குமம் வைத்தேன். போதாக்குறைக்கு முன்னால் ஒரு விளக்கும் ஏற்றி, என் ரசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றார்கள். ஒரு மாமி விசும்பினார். வாட்ச்மேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "க்யா சாப், கப் குஸர் கயீ?" என்று என்னிடம் துக்கம் விசாரித்தான். எப்போது போனார் என்று கேட்கிறான்! எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

ஒரு பக்கம் காரிலிருந்து அந்த அம்மா இறங்கினார். மறுபக்கம் கரி சார் பாய்ந்து வந்து மாலையைப் பிடுங்கினார். ஈர மல்லிகை ஒரு கண்ணைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிற்று. கரி சார் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மா படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு கண்ணுதானே போச்சு? இங்கேயே நிக்கிறேன், பார்த்துப் போடுங்க" என்றவர், கழுத்தைத் திருப்பி அந்த ஓரப் பார்வையை அப்படியே நிறுத்தினார். ஊரே மூச்சு விடாமல் பார்த்தது. கரி சார் பையிலிருந்து கரியை எடுத்தார். மாற்றி வந்த சட்டையிலேயே விரலைத் துடைத்துக்கொண்டார். கண்ணைப் போட்டார்.

"நல்லா இருக்கு" என்றார் அந்த அம்மா.

சரியாக அந்த நேரம் பார்த்து மன்றச் செயலாளர் வந்து சேர்ந்தார். உயிரோடு இருக்கிறவங்க படத்துக்கு மாலை போட்ட முட்டாள் எவன் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். நான் விளக்குத் திரியைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நான்தான் சார்" என்றார் கரி சார், என் பக்கம் திரும்பாமலே.

ஆயுசு முழுக்கக் காத்திருந்து கிடைத்த ஒரு நிமிஷம் அது. அதிலும் என்னை நினைத்துக்கொண்டார் அந்த மனுஷர்.