ஜட்ஜ் அண்ணாச்சி கீழே ஊற்றிய ஸ்காட்ச்

உலகத்தில் எத்தனையோ நீதிபதிகள் இருக்கலாம். ஆனால் தன் முன்னால் வந்த எல்லா வழக்குக்கும் ஒரே தீர்ப்பைச் சொன்னவர் ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் நிற்கும் எங்கள் வளவின் ஜட்ஜ் அண்ணாச்சி ஒருவர்தான். அந்தத் தீர்ப்பு, "போலி."

சங்கரன்கோவிலில் யார் கைக்கு வெளியூர் பாட்டில் வந்தாலும் மூடியைத் திருகும் முன் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். துபாய் பாட்டில் வரும், பாண்டிச்சேரி பாட்டில் வரும், கல்யாண வீட்டில் மிச்சமான பாதி பாட்டில்கூட வரும். பட்டாளத்தில் இருந்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. பட்டாளத்தில் அவர் துப்பாக்கி தூக்கியதில்லை. கேண்டீன் ஸ்டோரில் பாட்டில் பெட்டி தூக்கினார்.

"எல்லையில எவன் வேணாலும் நிப்பாம்லே. ஸ்டோர்ல நின்னு குடிக்காம வெளிய வாரவன்தான் வீரன்," என்பார். அவர் ஒரு நாளாவது அப்படி வெளியே வந்ததாக அவரே சொன்னதில்லை.

தீர்ப்பு சரக்கோடு நிற்காது. டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு "போலி" என்பார். பிரியாணிக் கடை வாசலில் நின்று காற்றை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு "போலி" என்பார். மேற்கே மேகம் கறுத்தால் வளவில் எல்லாரும் முற்றத்துக்கு வந்து நிற்போம். அண்ணாச்சி லுங்கியை இறுக்கிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். "இதுவும் போலிதான். உள்ள போங்க," என்பார். மழை பெய்யாது. அதுதான் கொடுமை. மேகம் விஷயத்தில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை.

இந்த நீதிமன்றத்தில் எனக்கும் ஒரு பதவி இருந்தது. என் அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் வேலை செய்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பி.காம். முடித்துவிட்டு ஒவ்வொரு அரசுத் தேர்வாக எழுதி, ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தப் படிப்பால் வளவுக்குக் கிடைத்த ஒரே பலன், பாட்டில் லேபிளில் இருக்கும் இங்கிலீஷை நான் வாசித்துச் சொல்வது. "ஏ பட்டதாரி, இங்கன வா," என்று கூப்பிடுவார். கையில் போட்டித்தேர்வு வழிகாட்டியோடு போய் நிற்பேன். என் அப்பா அதைப் பார்த்துப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தறிக்கூடத்துக்குக் கிளம்பிப் போவார்.

அண்ணாச்சிக்கு விதி திருவேங்கடத்தில் காத்திருந்தது. அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். பேத்திக்குக் காதுகுத்து. சம்பந்தி வீட்டார் மாடியில் மறைவாக வைத்திருந்ததை ருசி பார்த்துவிட்டு, கீழே வந்து, மொய் வாசித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கி, தெருவே கேட்கும்படி அறிவித்தார்: "சம்பந்தி ஊத்துன சரக்கு போலி."

மதினி, அதாவது அவர் மனைவி, அப்போது பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"நான் இனி இங்கன மக வீட்டுலயே இருந்துக்கிடுதேன். ஆடித்தபசு வரைக்கும் ஒரு சொட்டு உங்க நாக்குல படக்கூடாது. தபசுக்கு வாரேன். வந்ததும் வாயை மோந்து பாப்பேன். வாடை இல்லன்னா இருக்கேன். இருந்துச்சுன்னா அடுத்த பஸ்ல திரும்பிருவேன்."

சுவாமியின் காட்சிக்காகக் கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்ற ஊர் இது, தபசு அந்தத் தவத்தின் திருவிழா. ஜட்ஜ் அண்ணாச்சி இரண்டு காலில்தான் நின்றார். ஆனால் நின்றார். முதல் மாதம் கை நடுங்கி டீ முழுக்க சாஸரில்தான் இருக்கும். சோறு பொங்கத் தெரியாது. பொங்கி, தின்று பார்த்து, தனக்குத் தானே "போலி" என்று சொல்லிக்கொண்டு மிச்சத்தையும் தின்பார். டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்க்க ஊரையே சுற்றிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போவார்.

ஆனாலும் நீதிமன்றத்தை மூட மனம் வரவில்லை. நாக்கில் படாமல் தீர்ப்புச் சொல்லப் புது வழிகள் கண்டுபிடித்தார். முதலில் பாட்டிலைக் குலுக்கி, மேலே எழும் குமிழி முத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். அடுத்து உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்வார். பிறகு கரண்டியில் ஊற்றித் தீக்குச்சி கொளுத்துவார். கடைசியாக முகம் பார்த்தல். பாட்டிலுக்கு உடையவர் குடிக்க வேண்டும், இவர் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பார். நல்ல சரக்கு என்றால் கண் மூடி, மூக்கு சுருங்கி, வாய் ஒரு பக்கம் இழுத்து, கை தானாக ஊறுகாயைத் தேட வேண்டும். எவ்வளவு கோணினாலும், "கோணல் பத்தாது. போலி," என்பார்.

தபசுக்கு முந்தின நாள் மத்தியானம், பூ மார்க்கெட் செல்லையா ஒரு நீள அட்டைக் குழாயை அணைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் பாட்டில். கப்பலில் வேலை பார்க்கும் மச்சினன் கொடுத்ததாம்.

"சிங்கிள் மால்ட்டுங்கான் அண்ணாச்சி. ஸ்காட்லாந்துலயே வாங்குனதாம். அவன் எனக்கு நல்லதைக் குடுப்பானாங்கதுதான் சந்தேகம்."

"சிங்கிள்னா என்னலே?" அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"ஒரே ஆலையில, வாற்கோதுமையில மட்டும் செஞ்சது அண்ணாச்சி. வேற எதுவும் கலக்காதது."

"கலக்காம எப்படிலே அவனுக்குக் கட்டுப்படியாகும்? சரி, மேல வாசி."

"ரொம்ப மென்மையானதுன்னு போட்டிருக்கு. தேன், பச்சை ஆப்பிள், வெண்ணிலா. அப்புறம் ஹெதர்னு ஒரு பூ."

"என்ன பூ?" செல்லையா நிமிர்ந்தார். "நம்ம மார்க்கெட்டுக்கு வருமா?"

"அவங்க ஊரு மலைப்பூ."

"தேன், பழம், பூ," என்று அண்ணாச்சி விரல் மடக்கினார். "அபிஷேகத்துக்கு எழுதுன சாமான்லா இது. இதுல சரக்கு எங்க இருக்கு?"

"கடைசியில, முடிவு நீளமா இருக்கும்னு போட்டிருக்கு. குடிச்ச பிறகும் ருசி ரொம்ப நேரம் தொண்டையில நிக்குமாம்."

"அதுக்கு எதுக்குலே ஸ்காட்லாந்து வரைக்கும் போகணும். நம்ம ஊரு குவார்ட்டரு மறுநாள் மத்தியானம் வரைக்கும் நிக்குமே."

விசாரணை தொடங்கியது. முத்து எழுந்தது, அடங்கியது. உதட்டைப் பிதுக்கினார். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார், தேய்த்தார், மூக்குக்குக் கொண்டுபோனார்.

வழக்கமாகக் கை அந்த நிமிஷமே இறங்கிவிடும். அன்று இறங்கவில்லை. இரண்டு கைகளுக்குள்ளும் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"அண்ணாச்சி?" என்றேன்.

"பேசாத மக்கா," என்று கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "கரிசல்ல மொத மழை விழுந்தா ஒரு மணம் வரும்லா. அதுகூட யாரோ கருப்பட்டி காய்ச்சுதாங்க."

மழையைக்கூட ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கரண்டியில் ஊற்றிக் குச்சி கொளுத்தினோம். மத்தியான வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை. "பத்தவே இல்லையே," என்று விரலை வைத்தார். பற்றித்தான் இருந்தது. சுட்ட விரலை எந்த மனிதனும் எங்கே கொண்டுபோவானோ அங்கேதான் அவரும் கொண்டுபோனார். வாய்க்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினேன். ஸ்காட்ச் நனைந்த விரல் அவர் மூக்குக்கு நேரே நின்றது. கண்ணில் தண்ணீர் தளும்பியது, சூட்டினாலா மணத்தினாலா தெரியாது.

"ஊதுலே," என்றார் பரிதாபமாக. ஊதினேன்.

கடைசியில் முகம் பார்த்தல். செல்லையா ஒரு வாய் குடித்தார். அண்ணாச்சி கூர்ந்து பார்த்தார். கண் மூடியது, அவ்வளவுதான். மூக்கு சுருங்கவில்லை. வாய் இழுக்கவில்லை. சன்னதியில் கற்பூரம் காட்டும்போது நிற்கிற முகம்போல அது மெல்ல விரிந்தது.

"முகம் கோணலையேவே," என்றார் அண்ணாச்சி, உடைந்த குரலில்.

"எதுக்குக் கோணணும்? சாதுவா இறங்குது அண்ணாச்சி. பச்சப்புள்ள கைய புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி."

"சாதுவான சரக்குன்னு ஒண்ணு உலகத்துல உண்டுமாவே?"

"நீரே பாருமே." செல்லையா டம்ளரில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். "ஒரு வாய். மதினி நாளைக்குத்தான வாரா. விடியதுக்குள்ள வாடை போயிரும்."

அண்ணாச்சி வாங்கிவிட்டார்.  இத்தனை வருஷம் படித்த ஒன்றும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. டம்ளரை மூக்கடியில் பிடித்துக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். உதடு டம்ளரைத் தொட ஒரு நூல்தான் இருந்தது. அப்படியே நின்றார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சொன்னார்:

"போலி."

டம்ளரைக் கருவேப்பிலைச் செடி மூட்டில் கவிழ்த்தார். அதே வேகத்தில் பாட்டிலையும் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். "ஐயோ, ஸ்காட்லாந்துவே," என்று செல்லையா பாய்ந்தார். இரண்டு பேரும் பாட்டிலுக்காகக் கட்டிப் புரண்டதில் பாதி செடிக்கும் பாதி அண்ணாச்சியின் பனியனுக்கும் போயிற்று.

வளவுக் கதவு திறந்தது. கையில் வயர் கூடையோடு மதினி நின்றார். தபசு அன்றைக்குப் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது என்று ஒரு நாள் முந்தியே வந்துவிட்டார்.

 மதினி கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். பனியனை முகர்ந்தார். கையை முகர்ந்தார்.

"இது புதுசால்லா இருக்கு. இந்த வாடையோட நீங்க வந்ததில்லையே."

"ஸ்காட்லாந்து, மதினி," என்றார் செல்லையா, அழுகையிலும் ஒரு பெருமையோடு.

"ஊதுங்க."

அண்ணாச்சி ஊதினார். மதினி கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் ரம் எது, பிராந்தி எது, இருமல் மருந்து எது என்று இருட்டிலேயே சொல்லப் பழகிய மூக்கு அது.

"வாயில இல்ல," என்றார். "சத்தியமா இல்ல." மதினி முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு உயிர் திரும்பியது. கூடையைத் தூக்கி உள்ளே வைக்க நான் குனிந்தேன்.

"ஏன் குடிக்கல?" என்று மதினி கேட்டார். குரலில் அத்தனை ஆசை.

உனக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊமைகூடக் கையைக் காட்டிச் சொல்லியிருப்பான். அண்ணாச்சி செல்லையாவைப் பார்த்தார், காலி பாட்டிலைப் பார்த்தார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"போலி சரக்கு. அதான்."

மதினியின் சிரிப்பு நின்றது. "அப்போ நல்ல சரக்கா இருந்தா குடிச்சிருப்பீங்க."

அண்ணாச்சி காலி பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்துத் திருகி மூடினார்.  மதினி கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

செல்லையாவும் மச்சினனைத் திட்டிக்கொண்டே போன பிறகு, நான் கேட்டேன். "நெசமாவே போலியா அண்ணாச்சி?"

அவர் செடி மூட்டு ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரிஜினல்லே. என் ஆயுசுல அப்படி ஒண்ண நான் மோந்ததே கெடையாது. ஒரிஜினல்னு வாயால சொல்லிட்டா அதுக்கு அப்புறம் எப்படிலே கீழ ஊத்த முடியும்? குடிச்சிருப்பேன்."

"அதை மதினிகிட்ட சொல்லியிருக்கலாமே."

"செல்லையா பக்கத்துல நிக்காம்லா," என்றார். "தீர்ப்ப எப்படி மாத்த?"

மறுநாள் தபசு மண்டபத்தில் அம்மனுக்கு சுவாமி காட்சி கொடுத்தார். ஊரே கூடி, வயலில் விளைந்த பருத்தியும் வத்தலும் காணிக்கையாக எறிந்து கும்பிட்டது. எங்கள் வளவில் ஒருவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்.

அதன் பிறகும் அவர் தொடவில்லை. விசாரணைக்கு வரும் பாட்டில்களையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். மகளுக்குப் போன் போட்டு நானும் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "அத அப்பா வந்து சொல்லட்டும்னு அம்மா சொல்லுதா," என்று பதில் வந்தது. அவர் போக மாட்டார். வாடை பார்க்க அவள்தான் வருவதாகப் பேச்சு என்பார். அதனால் சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்டில், திருவேங்கடம் பஸ் வந்து நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். அவர் பஸ்ஸுக்கு, நான் அடுத்த தேர்வின் முடிவுக்கு.

பஸ் முனை திரும்பும்போது என் பக்கம் குனிந்து முகத்தில் ஊதுவார். "வாடை இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"மோந்து பாக்காமலே சொல்லாதலே. நல்லா இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்ப்பேன். டீ வாசனை, கொஞ்சம் பட்டாணி. "இல்ல அண்ணாச்சி."

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். எல்லாரும் இறங்குவார்கள். கடைசி ஆளும் இறங்கி, டிரைவரும் டீ குடிக்கப் போன பிறகு, காலி பஸ்ஸை மேலும் கீழும் பார்த்து, "போலி," என்று சொல்லிவிட்டு உட்காருவார்.

அடுத்த பஸ் வருவதற்குள் மறுபடியும் என் பக்கம் குனிவார். நானும் மறுபடியும் முகர்ந்து பார்ப்பேன். பி.காம். படித்ததற்கு இதுவரை எனக்குக் கிடைத்திருக்கிற ஒரே வேலை இது. அதை நான் ஒழுங்காகத்தான் பார்க்கிறேன்.