சுவரோர நாற்காலி

பெண்டாட்டியை ஏமாற்ற ஜப்பானிய மொழியைவிடப் பத்திரமான மொழி கிடையாது என்று மெக்கானிக் முடிவு கட்டியது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

விஷயம் இதுதான். தொழிற்சாலைக்குப் புது ஜப்பானிய இயந்திரங்கள் வந்திருந்தன, கூடவே ஒரு ஜப்பானிய என்ஜினியரும். அவரோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கலாம். மற்றவர்களுக்கு எட்டு மணி நேரப் பயணத் தூரத்துக் கிளைக்கு மாற்றல். வாய்மொழித் தேர்வு மறுநாள் காலை. மூன்று மாதமாக ஞாயிறுதோறும் ஜப்பானிய வகுப்புக்கு என்று கிளம்பிய மனுஷன், நாலாவது வாரத்தோடு அதற்கு முழுக்குப் போட்டுவிட்டு, சலூன்காரர் வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

"எங்க, கொஞ்சம் பேசிக் காட்டுங்க," என்றாள் மனைவி, பீன்ஸ் நறுக்கியபடி.

இவளுக்கு என்ன தெரியப்போகிறது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்து விட்டார். நான் மெக்கானிக். இது பேனா. ரயில் நிலையம் எங்கே? ஆப்பிள் சிவப்பு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே. சரி, போன ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சீங்க? அதையும் ஜப்பான்லயே சொல்லுங்க."

"வீட்டிலிருந்து கிளம்பினேன்," என்றார் ஜப்பானிய மொழியில்.

"சொரெகரா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அப்புறம்?' என்று கேட்கிறாள், அசல் டீச்சர் உச்சரிப்பில்.

பொய் சொல்ல நிறைய வார்த்தை வேண்டும். அவரிடம் இருந்ததோ நாலு வாரத்துச் சரக்கு. அது உண்மைக்கே இழுபறி.

"நண்பர் வீட்டுக்குப் போனேன்."

"சொரெகரா?"

"விளையாடினேன்."

"தெமோ, வகுப்பு?" ஆனால், வகுப்பு?

"போகவில்லை."

"தகரா?"

தகரா என்றால் 'அதனால்'. அதனால் என்ன?

"மாத்தல்தான்," என்றார் தமிழில். "உன்னை விட்டுட்டு அங்க போய் நான் தனியா என்ன பண்ணுவேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சாவது வாரமே டீச்சர் போன் பண்ணிட்டாங்க. வகுப்புல உங்க நாற்காலி சும்மாதானே கிடக்குதுன்னு நான் போய் உக்காந்துட்டேன். உங்களுக்கு முன்னாடியே வீட்டுக்கும் வந்துடுவேன். எந்தத் தேர்வுலயும் மொதல்ல போன ஞாயித்துக்கிழமை என்ன செஞ்சீங்கன்னுதான் கேப்பாங்களாம். இப்ப சொன்னதையே திரும்பச் சொல்லுங்க. நான் நடுவுல கேட்டதையெல்லாம் நீங்களே போட்டுக்கங்க."

பதினேழு தடவை சொன்னார். பீன்ஸ் கருகியது.

மறுநாள் என்ஜினியர் அதே கேள்வியைக் கேட்டார். மெக்கானிக் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பினேன், சொரெகரா நண்பர் வீட்டில் விளையாடினேன், தெமோ வகுப்புக்குப் போகவில்லை, தகரா நேற்று என் மனைவி பாடம் நடத்தினாள். என்ஜினியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அப்படியே தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

வீட்டுக்கு வந்தவர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். மாற்றல் இல்லை. வகுப்பும் இல்லை. இனி கேரம் ஆட வீட்டில் கதை விடவும் வேண்டாம். மூன்று மாதத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

"அடுத்த நிலை வகுப்புக்குப் பேர் குடுத்துட்டேன்," என்றாள் அவள். "ரெண்டு பேருக்கும். ஞாயித்துக்கிழமைதான்."

"தெமோ..." என்று இழுத்தார்.

"சொரெகரா?" என்றாள்.

அப்புறம் என்ன, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வகுப்பில் இருந்தார். சுவரோர நாற்காலியில், அவளைத் தாண்டாமல் எழுந்து போக வழியில்லாத இடத்தில்.