மாடிக்குப் போக ஒரு பல் தேவை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். என் பற்கள் என்னைவிட நலம். இந்தக் கடிதத்தின் துயரம் முழுவதும் இதற்கு முந்தைய வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

உன் சித்தப்பா நாடு விட்டு வந்து, கல்யாணமும் செய்துகொள்ளாமல் சம்பாதித்து, உனக்கும் உன் அக்காவுக்கும் பொதுவில் விட்டுப்போன மாடி வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவதற்காக நான் புறப்பட்டபோது, "ஒரு கையெழுத்துதானே அத்தான், போன வேகத்துல வந்துடுவீங்க" என்று விமான நிலையத்தில் சொன்னாய். ஆறு வாரம் ஆகிறது. இந்த நாட்டுச் சட்டப்படி வாரிசோ, வாரிசின் கணவனோ மனைவியோ, அந்த வீட்டுக்குள் இருப்பதை நகராட்சி ஆய்வாளர் முப்பதாம் தேதிக்குள் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் வீடு நகராட்சிக்குப் போய்விடும். இதில் என்ன கஷ்டம், உள்ளே போய் நிற்க வேண்டியதுதானே என்று கேட்பாய். உள்ளே போவதுதான் கஷ்டம். (இங்குள்ளவர்கள் சொன்னதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் எத்தனை நீளமாகச் சொன்னாலும் பெரும்பாலும் அதன் பொருள் 'நாளைக்கு வாங்க' என்பதுதான்.)

முப்பத்து நான்கு ஆண்டு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் நான், பத்திரத்தைப் படிக்காமல் பிறர் வாசற்படியை மிதித்தவனல்ல. எனவே வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக வக்கீலிடம் போனேன். அவர் ஒரு பழைய பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டினார், தும்மினார், பிறகு என்னை அனுதாபத்துடன் பார்த்தார். விஷயம் இதுதான். கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. இப்போதைய பல் டாக்டரின் அப்பா காலத்தில், உன் சித்தப்பா தன் மாடிக்குப் போகும் ஒரே படிக்கட்டை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஆயுள் முழுவதும் இலவசப் பல் வைத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறார். உலகத்தில் மாடி வீட்டை வைத்துக்கொண்டு படியை விற்ற ஒரே மனிதர் உன் சித்தப்பாவாகத்தான் இருப்பார். உங்கள் குடும்பத்துப் பல் எப்படிப்பட்டது என்று தெரிந்தவன் என்பதால் அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நான்காம் ஷரத்து, 'மேற்படி படிக்கட்டைச் சிகிச்சைக்கு வருவோர் மட்டுமே பயன்படுத்தலாம்' என்கிறது. "அவரு எப்படி வீட்டுக்குப் போனாரு?" என்று கேட்டேன். "அவருக்குத்தான் எப்பவும் பல் வலி இருந்துச்சே" என்றார் வக்கீல். "மீறினா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "எனக்கு நல்லது நடக்கும். கேஸ் வரும்" என்றார்.

ஆகவே மருத்துவமனைக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் "என்ன சார் பிரச்சினை?" என்று கேட்டாள். சட்டப்படி எனக்கு இருந்த ஒரே வழியில் "பல் வலி" என்றேன். எந்தப் பல் என்று கேட்டாள். யோசித்து வைத்திருக்கவில்லை. பொதுவாக வலிக்கிறது என்றேன். டாக்டர் நல்ல மனிதர், விளக்கைப் போட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலையே, எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுவோம்" என்றார். மாப்பிள்ளை, அந்த எக்ஸ்ரே அறை படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கிறது! அங்கிருந்து பதினொரு படி ஏறினால் நம் வீட்டுக் கதவு. படம் எடுத்து முடித்ததும் பதினொரு படியையும் ஓடி ஏறிச் சாவியைப் போட்டேன். அது வக்கீல் கொடுத்த சாவி. பிறகு தெரிந்தது, அவருடைய பீரோ சாவி. அடுத்த வாரம் சரியான சாவியோடும் ஒரு கடைவாய்ப் பல் வலியோடும் போனேன். கதவு திறந்தது, ஒரு காலை உள்ளே வைத்தேன், கீழிருந்து நர்ஸ், "சார், எங்க போறீங்க? வாயில பஞ்சு இருக்கு, முழுங்கிடாதீங்க!" என்று கத்தினாள். இறங்கிவிட்டேன். மூன்றாவது முறை, பெயர் மாற்ற மனுவில் அறை அளவுகளை எழுத வேண்டும் என்பதால் கூடத்தை மட்டும் அளந்தேன், பதினான்கு அடிக்குப் பன்னிரண்டு, நல்ல வெளிச்சம். இப்படி ஒவ்வொரு முறை ஏறுவதற்கும் ஒரு பல்லைக் கொடுத்து வந்தேன். இரண்டை அடைத்தார்கள், ஒன்றுக்கு வேர் சிகிச்சை நடந்தது, ஒன்றைப் பிடுங்கியே விட்டார்கள். அது நன்றாக இருந்த பல். ஆனால் அன்று சமையலறையை அளக்க வேண்டியிருந்தது.

போன திங்கட்கிழமை நகராட்சி ஆய்வாளர் வந்தார். நானும் அவரும் தெருவில் நின்று மாடியைப் பார்த்தோம். "வாங்க, ஏறிப் பார்த்துடலாம்" என்று அவர் ஒரு காலைத் தூக்கினார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, "மன்னிக்கணும், உங்களுக்குப் பல் இருக்கா?" என்று கேட்டேன். "இல்ல, செட்டு" என்று கழற்றியே காட்டினார். நான்காம் ஷரத்தை வாசித்துக் காட்டினேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு ஏறியிருப்பார்கள். இவர் செட்டை மாட்டிக்கொண்டு, "ஷரத்துன்னா ஷரத்துதான். இதுக்கு முன்னாடி யாருமே எனக்குப் படிச்சுக் காட்டல" என்றார், கண் கலங்கியது போல இருந்தது. இத்தனை பெரிய நாட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று நானும் நெகிழ்ந்தேன். கடைசியில் அவரே வழி சொன்னார்: "நீங்க மேல போய் ஜன்னல்ல நின்னு கையை ஆட்டுங்க. நான் தெருவுலேர்ந்து பார்த்து எழுதிக்கறேன்."

கையை ஆட்ட நான் தயார். ஆனால் மறுநாள் போனால் டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டார். "உங்க வாயில இனிமே எனக்கு வேலையே இல்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். கெஞ்சினேன். ஈறு வலிக்கிறது என்றேன், நாக்கு வலிக்கிறது என்றேன். "நாக்குக்கு வேற டாக்டர்" என்று சொல்லிவிட்டார்.

ஆகையால் மாப்பிள்ளை, இனி நம் குடும்பத்தின் ஒரே நம்பிக்கை உன் வாய்தான். நீயும் ஒரு வாரிசு. எட்டு வயதிலிருந்து மிட்டாய் தின்றவன், உன்னைப் பார்த்த மாத்திரத்தில் அந்த டாக்டர் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுப்பார். கடிதம் கிடைத்ததும் டிக்கெட் போடு. இருபத்தெட்டாம் தேதிக்குள் இங்கே இருக்க வேண்டும். அதற்குள் அங்கே எந்தப் பல் மருத்துவரிடமும் தலை காட்டாதே, வலித்தால் பொறுத்துக்கொள், இரவில் பல் துலக்குவதையும் முடிந்தால் நிறுத்தி வை. உன் அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே. வேலை முடிந்துவிட்டது, சாமான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நூறாண்டு வாழ்ந்து, சொந்தப் பல்லோடு இருக்க வாழ்த்தும்,

அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள். என் பேச்சில் அவளுக்குச் சந்தேகமாம். நேரே மருத்துவமனைக்குள் போய், "மாடி எங்களோடது, வழி விடுங்க" என்றாள். டாக்டர், "தாராளமா போங்கம்மா, யாராவது வருவாங்கன்னு சாவிக்கொத்தோட ஆறு வாரமா காத்துட்டு இருக்கேன்" என்றார். அவர் அந்தப் பத்திரத்தைப் படித்ததே இல்லையாம். "அந்தப் பெரியவர் உங்க வீட்டுக்காரரா? பாவம், பல்லைக் காட்ட இவ்வளவு ஆசைப்படற ஆளை நான் பார்த்ததே இல்ல" என்றாராம். 'இந்த அம்மா எப்போது வேண்டுமானாலும் ஏறலாம்' என்று மருந்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். அக்கா ஜன்னலில் நின்று கையை ஆட்டினாள், ஆய்வாளர் எழுதிக்கொண்டார், வீடு உங்கள் இருவருக்கும் ஆகிவிட்டது. எனவே நீ இதற்காக வர வேண்டியதில்லை. பல் துலக்கலாம்.

ஆனால் சீட்டில் 'இந்த அம்மா' என்று மட்டுமே இருக்கிறது. என்னையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, ஆறு வாரம் வலி வலி என்று பொய் சொன்ன வாய் அது. அக்கா மேலே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே என்னைக் கூப்பிடுகிறாள். நான் கீழே வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்திரத்தை இன்னொரு முறை புரட்டினேன். ஏழாம் ஷரத்துப்படி நோயாளிக்குத் துணையாக ஒருவர் ஏறலாமாம். முன்பின் தெரியாதவருக்குத் துணையாகப் போவது முறையல்ல, உன் பல்லுக்குத் துணையாகப் போவது முறைதான். எதற்கும் அந்த டிக்கெட்டைப் போட்டுவிடு.