ரூலோஃப் எடுத்த ஒரே முடிவு

எண்கள் எழுதிய சீட்டு கால்வாயில் விழுந்தபோது, ரூலோஃப் வீட்டை விட்டுக் கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. போக வேண்டியதோ போர்ச்சுகல்.

"போச்சுடா!" என்றார், ஆளில்லாத கரையில் நின்று.

தப்பு அவருடையதுதான். ஹேண்டில்பாரில் ஒட்டிய சீட்டு எதிர்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் பொறுக்காமல், பிய்த்து எடுத்து அழுத்தமாக ஒட்டலாம் என்று நினைத்தார். பிய்த்தார். தென்மேற்குக் காற்று அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டது. ஒரு வாத்து கிட்டே வந்து கொத்திப் பார்த்துவிட்டு, இதுக்கா வந்தேன் என்பது போலத் திரும்பிப் போனது.

எங்கள் டச்சு நாட்டில் சைக்கிள்காரர்களுக்கு வழி சொல்வது எண்கள்தான். பாதைகள் சேரும் இடத்தில் ஒரு கம்பம், அதில் ஓர் எண், அடுத்த எண்ணுக்கு ஓர் அம்புக்குறி. முப்பத்தாறிலிருந்து பதினெட்டு, பதினெட்டிலிருந்து ஐம்பத்திரண்டு என்று வரிசையாகச் சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம். சொந்த ஊரான மெப்பலிலிருந்து தெற்கே டெவென்டர் வரை, முதல் நாளுக்கான எண்களை ரூலோஃப் நாலு நாள் உட்கார்ந்து எழுதியிருந்தார்.

திரும்பிப் போய் வேறு சீட்டு எழுதலாம். பதினெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குப் பதில் அவர் கால்வாயில் குதித்து வாத்தோடு குடித்தனம் நடத்துவார்.

ஏனென்றால், முப்பத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் சொந்தமாக எடுத்த முடிவு இந்தப் பயணம் ஒன்றுதான்.

திரைச்சீலையின் நிறம் அவர் மனைவி யாந்தீனாவின் முடிவு. விடுமுறைக்கு எங்கே போவது என்பது யாந்தீனாவின் முடிவு. மூக்கு அவருடையதாக இருந்தாலும் மூக்குக்கண்ணாடி யாந்தீனாவின் முடிவு. நீர் வாரியத்தில் ஒரு பம்ப் நிலையத்தையே கட்டி ஆண்ட மனிதருக்கு வீட்டில் "சரி யாந்தீனா" தவிர வேறு வசனம் கிடையாது. போன வருடம் கோடையில் ஓய்வு பெற்றார். அதன்பின் நாள் முழுக்க வீட்டில் இருந்தார். பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை எப்படி அடுக்கினால் இன்னும் நாலு தட்டு கொள்ளும் என்று அவளுக்கு விளக்கினார். தினமும் விளக்கினார்.

பிறகு, சைக்கிளில் போர்ச்சுகல் போய்வந்த ஒருவரைப் பற்றிய பத்திரிகை எப்படியோ அடிக்கடி அவர் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. இந்த ஈஸ்டர் அன்று, பிள்ளைகள் மருமக்கள் எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது, முட்டை ஓட்டை உரித்துக்கொண்டே சொன்னார்.

"நான் சைக்கிள்ல போர்ச்சுகல் போறேன். தனியா. மூணு மாசம்."

யாந்தீனா பதறிப்போனாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அறுபத்திரண்டு வயசுல இதெல்லாம் தேவையா? உன்னால முடியாது ரூலோஃப்."

"முடியாதா?"

"முதல் நாள் ராத்திரியே வாசல்ல வந்து நிப்பே. எழுதி வெச்சுக்கோ."

அவ்வளவுதான், ரோஷம் வந்துவிட்டது. ஜூன் முதல் வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அவள் கெஞ்சினாள். அதனாலேயே ஜூன் முதல் வாரத்தைக் குறித்தார். இன்று காலை தெருவே கூடிக் கொடி ஆட்டியது. பக்கத்து வீட்டு லுப்பர்ட், நாய்க்கும் ஒரு கொடி கட்டிக் கூட்டிவந்து, சொற்பொழிவே ஆற்றிவிட்டார். யாந்தீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, நின்னுடு" என்றாள். ரூலோஃப் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பெடலை மிதித்தார்.

இந்த நிலையில் திரும்புவதாவது!

"எழுதினவன் நான்தானே. ஞாபகம் இருக்காதா என்ன?" என்று சொல்லிக்கொண்டு நேரே விட்டார்.

ஞாபகம் இருந்தது. எண்கள் எல்லாமே ஞாபகம் இருந்தன. எதற்குப் பிறகு எது என்பதுதான் கொஞ்சம் குழம்பியது. மதியம் ஒரு மணிக்கு, சுற்றிலும் புல்லும் மாடும் மட்டும் தெரியும் ஒரு கம்பத்தடியில், அடுத்தது அறுபத்து மூன்று என்று நிச்சயமாகத் தெரிந்தும், அறுபத்து மூன்றுக்கு அம்புக்குறியே இல்லாமல் விழித்துக்கொண்டு நின்றார்.

பின்னாலிருந்து மணி அடித்தது. எண்பது வயதிருக்கும் ஒரு அம்மாள், மின்சார சைக்கிளில், கூடையில் ஒரு முட்டைக்கோசோடு வந்து நின்றாள். இந்த எதிர்காற்றில் அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படிச் சிவந்து கிடக்கு? பேட்டரி தீந்துபோச்சா?"

"இதுல பேட்டரி கிடையாது."

"அடப் பாவமே! பிள்ளைங்க யாரும் வாங்கித் தரலையா?"

"நான் வேணும்னுதான் இப்படி ஓட்டறேன்."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இதுமாதிரி கேஸ்களிடம் வாதாடக் கூடாது என்று முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது.

"எங்க போகணும்?"

போர்ச்சுகல் என்று சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. "அறுபத்து மூணுக்கு" என்றார்.

"எந்த அறுபத்து மூணு? ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. தொண்ணூத்தொன்பது முடிஞ்சா மறுபடி ஒண்ணுலேருந்துதானே போட்டுக்கிட்டு வர்றான்?"

இது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. நாலு வயதிலிருந்து சைக்கிள் விடுகிறவர். ஆனால் எந்த அறுபத்து மூன்று என்பது சீட்டில் இருந்தது, சீட்டு வாத்திடம் இருந்தது. தெரியாது என்று சொன்னால் இந்த அம்மாள் முட்டைக்கோசோடு சேர்த்து அவரையும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவாள் போலிருந்தது.

"பக்கத்துல இருக்கறது" என்றார் கம்பீரமாக.

"அப்ப இடது பக்கம் திரும்பி, வாய்க்கால் ஓரமாவே போ. பாத்து மெதுவாப் போ தம்பி. அவசரமில்ல."

பக்கத்தில் இருந்த அறுபத்து மூன்று பக்கத்திலும் இல்லை, அது அவருடைய அறுபத்து மூன்றும் இல்லை. அங்கிருந்து அடுத்த எண் என்று அவர் நினைத்ததற்கும் அம்பு இல்லை. வேறு வழியில்லாமல் ஃபோனை எடுத்து வரைபடம் பார்க்கலாம் என்று மானத்தை விட்டு இறங்கினார். ஃபோன் இடது பையில், கூடாரத்துக்கும் தூங்கும் பைக்கும் அடியில் இருந்தது. கூடாரத்தைப் புல்லில் வைத்தார். தூங்கும் பையை அதன்மேல் வைத்தார். உள்ளாடைகளை அதன்மேல் வைத்தார். மழை அதற்குத்தான் காத்திருந்தது.

ஃபோன் கிடைத்தபோது தூங்கும் பை பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும் நிலையில் இருந்தது. ஃபோனில் சார்ஜ் ஒரு சதவீதம். திரையில் யாந்தீனாவின் செய்தி.

"எங்க இருக்கே? கஷ்டமா இருந்தா சொல்லு. லுப்பர்ட்கிட்ட சொல்லி வேன் அனுப்பறேன்."

வேனா! லுப்பர்ட்டா! ரூலோஃப் மறுயோசனை இல்லாமல் அடித்தார்: "டெவென்டர் வந்தாச்சு. பிரமாதமான பயணம்."

"நிஜமாவா? அப்பாடா!" என்று பதில் வந்தது. ஃபோன் அணைந்தது.

பாவம், எவ்வளவு கவலைப்பட்டிருந்தால் அப்பாடா என்பாள் என்று அவருக்கு நெஞ்சு இளகியது. அதேசமயம், சொன்ன பொய்யை நிஜமாக்க இன்று எப்படியாவது டெவென்டர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அங்கே ஒரு வீட்டில் அவருக்கு அறை சொல்லி வைத்திருந்தது. பயணம் போகும் சைக்கிள்காரர்களுக்கு ஜனங்கள் தங்கள் வீட்டில் காலியாக இருக்கும் அறையைக் கொடுப்பது இங்கே சகஜம். அதற்கு ஒரு சங்கமே உண்டு.

எந்தப் பக்கம் போவது என்று புரியாமல், ஏதோ ஒரு பாதையில் திரும்பினார். திரும்பியதும் அந்த அதிசயம் நடந்தது. காற்று முதுகுப் பக்கம் வந்தது.

காலையிலிருந்து மார்பில் கைவைத்துத் தள்ளிய அதே காற்று இப்போது முதுகில் கைவைத்துத் தள்ளியது. நாற்பது கிலோ சுமையோடு சைக்கிள் பறந்தது. ரூலோஃப் சீட்டியடித்தார். நின்றுகொண்டிருந்த மாடுகளுக்கெல்லாம் கை காட்டினார். தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகில் பட்டால் தான் எந்தத் திசையில் போகிறோம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் முதுகுக் காற்று கிடைத்த டச்சுக்காரன் எவனும் அதைக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. கிடைத்தவரை லாபம் என்று போய்க்கொண்டே இருப்பான்.

மாலை ஆறு மணி சுமாருக்கு ஒரு கோபுரம் தெரிந்தது.

"அட, டெவென்டர்லயும் நம்ம ஊர் மாதிரியே ஒரு கோபுரம்!"

அப்புறம் நம்ம ஊர் மாதிரியே ஒரு பாலம் வந்தது. நம்ம ஊர் மாதிரியே ஒரு ரொட்டிக்கடை வந்தது. ரொட்டிக்கடை வாசலில் நம்ம ஊர் பல் டாக்டர் நின்றபோதுதான் ரூலோஃப் பிரேக்கைப் பிடித்தார்.

மெப்பல்.

பல் டாக்டர் பார்ப்பதற்குள் சந்தில் திருப்பினார். மறுபடி கிளம்பலாமென்றால் கால் இரண்டும் மரக்கட்டை. வெளியில் படுக்கலாமென்றால் தூங்கும் பை சொட்டுகிறது. ஓட்டலில் தங்கலாமென்றால் வரவேற்பு மேஜையில் யாந்தீனாவின் தங்கை.

ஒரே ஒரு இடம்தான் மிச்சம். சொந்த வீட்டுத் தோட்டத்துக் கொட்டகை. யாந்தீனா அந்தப் பக்கம் வரவே மாட்டாள். ராத்திரி அங்கே படுத்து, விடிவதற்குள் நழுவிவிட வேண்டியது. மணி ஆறு என்பதுதான் ஒரே வசதி. ஆறு மணிக்கு ஊரே மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருக்கும், தெருவில் ஈ காக்கை இராது.

லுப்பர்டின் நாய் மட்டும் இருந்தது. காலையில் வழியனுப்பிய ஆளை அடையாளம் கண்டு வாலை ஆட்டிக்கொண்டே குரைத்தது.

"டேய், சும்மா இருடா! நான் போர்ச்சுகல்ல இருக்கேன்!"

மிச்சமிருந்த பாலாடைக்கட்டி ரொட்டி முழுவதையும் அதற்குக் கொடுத்து வாயை அடைத்து, பின்சந்து வழியாகத் தோட்டத்துக் கதவைத் திறந்தார். சமையலறை ஜன்னலில், அதற்குள் சாப்பிட்டு முடித்துவிட்ட யாந்தீனா தெரிந்தாள். தட்டுகளை மெஷினில் கண்டபடி திணித்துக்கொண்டு, பாடிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை. துக்கத்தை அடக்கத்தான் பாடுகிறாள் என்று நினைத்தார். உள்ளே போய்க் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

குனிந்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். அவர் சைக்கிள் நிற்கும் இடத்தில் வேறொரு சைக்கிள் நின்றது. அதிலும் நாலு பை. பக்கத்தில், ரூலோஃபின் நீல வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு மனிதர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அடடே, வாங்க சார்! நீங்களும் நம்ம கட்சியா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். "வில்லிப்ரோர்ட். டில்பர்க்லேருந்து வர்றேன். ஆனா இங்க ஒரே ஒரு ரூம்தான். அதுல நான் இருக்கேனே."

"ரூமா?" என்றார் ரூலோஃப்.

"ஆமா, வீட்டுக்காரரோட ரூம். புத்தக அலமாரியெல்லாம் வெச்சு ஜம்முனு இருக்கு. ஐயையோ, நீங்க தொப்பலா நனைஞ்சிருக்கீங்க! அந்தம்மாவைக் கூப்பிடறேன். தங்கமான மனுஷி."

"வேணாம்! கூப்பிடாதீங்க! நான்... வழி தவறி வந்துட்டேன். இப்பக் கிளம்பிடுவேன். அந்தம்மா எப்படி இருக்காங்க? வீட்டுக்காரர் ஊருக்குப் போயிட்டாராமே. அழுதுக்கிட்டு இருக்காங்களா?"

"அழுகையா? ரெண்டு தட்டு சாப்பிட்டாங்க. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட ரூம் காலி இல்லையாம்."

ரூலோஃப் எண்ணெய் டப்பாவின்மேல் உட்கார்ந்தார். எல்லாம் போய்விட்டது. டெவென்டர் போனது, அறை போனது, செருப்பும் போனது. ஆனாலும் ஒன்று மட்டும் அவருடையது. அதை இந்த டில்பர்க்காரருக்காவது சொல்லிவிட வேண்டும் என்று மனம் துடித்தது.

"அந்த வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்ல சார்" என்றார். "இந்த ஈஸ்டர் அன்னைக்கு, யாரையும் கேக்காம, பொண்டாட்டி தலைகீழா நின்னு தடுத்தும், தானாவே முடிவெடுத்துக் கிளம்பின மனுஷன்."

வில்லிப்ரோர்ட் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஈஸ்டருக்கா? அப்படி இருக்காதே சார். ஜூன் முதல் வாரத்துலேருந்து வீட்டுக்காரர் இருக்கமாட்டாருன்னு அந்தம்மா சொல்லி, இந்த ரூமை நான் போன நவம்பர்லயே பதிவு பண்ணிட்டேனே!"