பதினோராம் விதியும் குகை வாசலும்

தொற்று நோய் வந்த காலத்தில் கிருமியைவிட வேகமாகப் பெருகிய ஓர் இனம் உண்டு. உத்தரவு வியாக்கியானி என்று பெயர். அரசாங்கம் ஒரு வரி எழுதினால் இவர் நாலு பக்கம் எழுதுவார். 'ஆறு பேருக்கு மேல் சேராதீர்கள்' என்றால் நீங்களும் நானும் தலையை எண்ணிவிட்டுச் சும்மா இருப்போம். இவர் இருப்பாரா? தலை என்றால் எது, சேர்தல் என்றால் என்ன, ஆறாவது ஆள் தும்மிக்கொண்டே விலகினால் அவர் கணக்கில் உண்டா இல்லையா என்று கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இந்த இனத்தில் தலைசிறந்தவர் ஒரு குகைச் சங்கத்தின் செயலாளர். ஆமாம், குகைச் சங்கம்தான். ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் துணி துவைக்கும் நேரத்தில், ஹெல்மெட்டும் தலைவிளக்கும் மாட்டிக்கொண்டு பூமிக்குள் பெருச்சாளி மாதிரி தவழ்ந்து, இனி எந்தச் சோப்புக்கும் மசியாத துணியோடு திரும்பி வரும் ஏழு பேர். அதில் ஏன் இவர் செயலாளர்? குடும்பத்தின் முதல் பட்டதாரி. மருந்துச் சீட்டோ, வங்கிக் கடிதமோ, வீட்டுக்கு வந்த எந்தக் காகிதத்தையும் பத்து வயதிலிருந்தே படித்துச் சொல்லிப் பழகியவர். காகிதத்தைக் கண்டால் விளக்காமல் இருக்க அவரால் முடியாது.

ஊரடங்குக்கு முந்தின ஞாயிறு, குகையின் கோடியில் ஒரு பாறை இடுக்கில் இவர் கன்னத்தை வைத்தார். சில்லென்று காற்று. காற்று வந்தால் அந்தப் பக்கம் அறை இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை மனிதக் கால் படாத அறை! கண்டவர்தான் முதலில் நுழைய வேண்டும், பெயரும் அவர்தான் வைக்க வேண்டும் என்பது சங்க வழக்கம். பதினான்கு மாதமாக அந்தக் காற்று அவர் கன்னத்தைவிட்டுப் போகவே இல்லை. வைக்கப்போகும் பெயர் அம்மாவுடையது. கைநாட்டு வைக்கும் அம்மாவின் பெயர் ஒரு வரைபடத்தில் ஏறப்போகிறது. இதை அவர் தங்கையைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சுற்றறிக்கையில் அதற்கு இடம் இல்லை.

வெளியிடங்களில் ஆறு பேர் சேரலாம் என்று அறிவிப்பு வந்ததும் பேனாவை எடுத்தார். குகை வெளியிடமா, உள்ளிடமா? கூரை இருக்கிறது, கதவு இல்லை. சுவர் இருக்கிறது, கட்டியவர் இல்லை. ஆகவே வெளியிடம். இதற்கே ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. அடுத்து ஏழாவது ஆள்.

"ஒருத்தர் இந்தத் தடவை வர வேணாம்னு ஒரு வரியில சொல்லேண்ணா," என்றாள் தங்கை.

"அந்த ஒருத்தர் மனசு புண்படாதா? விதியா எழுதிட்டா புண்படாது."

பிறந்தது பதினோராம் விதி: குகை வாசலில் நிற்பவர் உள்ளே இருக்கும் கூட்டத்தின் கணக்கில் சேரமாட்டார். அதன் பின்னாலேயே பன்னிரண்டாம் விதி: அதிகாரிகள் கேட்டால் விளக்க வேண்டியிருப்பதால், சுற்றறிக்கையை முழுவதும் படித்தவரே வாசலில் நிற்க வேண்டும். மூன்று முறை திருத்திச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கேட்டார். "யாரெல்லாம் முழுசா படிச்சீங்க?"

ஆறு முகக்கவசங்களும் தரையைப் பார்த்துக் குனிந்தன.

"நான் 'அன்புள்ள' வரைக்கும் வந்தேன் தம்பி. அதுக்குள்ள டூட்டிக்குக் கூப்பிட்டுட்டாங்க," என்றார் நர்ஸ் அக்கா.

"நான்தான் கட்டைவிரல் போட்டேனே!" என்றார் வெல்டர் அண்ணன்.

தன் வலையில் தானே விழுந்த வேடன் வலையின் நேர்த்தியையாவது மெச்சிக்கொள்ள வேண்டாமா? "சரி, நீங்க போங்க. நான் வாசல்ல நிக்கிறேன்," என்றார் செயலாளர். காரணம் சொல்லவில்லை. படிக்காதவர்களிடம் என்ன சொல்ல?

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

இரண்டு மணி நேரம் பாறையில் உட்கார்ந்து எறும்புகளை எண்ணினார். ஆறுக்கு மேல் சேர்ந்தே போயின. கடைசியில் வனக்காவலர் வந்தார். செயலாளருக்கு உயிர் வந்தது. எழுந்து நின்று, ஒன்றாம் விதியிலிருந்து ஆரம்பித்தார். ஏழாம் விதியில் காவலர் கொட்டாவி விட்டார்.

"சார், அந்த உத்தரவு மாறிப் பத்து நாளாச்சு. இப்போ முப்பது பேர் போலாம்."

பத்து நாளாக மூன்றாம் திருத்தத்தில் மூழ்கிக் கிடந்தவருக்குச் செய்தி பார்க்க ஏது நேரம்? ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை ஓடினார். நின்றார். குகைக்குள் யாரும் தனியாக நுழையக் கூடாது. நான்காம் விதி. நல்ல விதி. அவர் எழுதியதுதான்.

சேறும் சிரிப்புமாக ஆறு பேரும் வெளியே வந்தார்கள்.

"முப்பது பேர் போலாமாம், தெரியுமா?" என்றார், அழாத குறையாக.

"தெரியுமே," என்றார் வெல்டர் அண்ணன். "நீங்க வாசல்ல நிக்கிறேன்னதும், இடுக்குல நுழையப் பயம் போலிருக்கு, கேட்டா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டோம்."

"அறை இருக்கா?"

"பெரிய மண்டபம் தம்பி. உங்க பேரையே வச்சுட்டோம், செயலாளர் மண்டபம்னு," என்றார் நர்ஸ் அக்கா. "உள்ள ஒண்ணும் இல்ல. ஆனா நாம ஒரு வார்த்தை சொன்னா, அது நாலு தடவை சொல்லுது!"

அன்று மாலையே செயலாளர் பேனாவை எடுத்தார். மண்டபங்களுக்குப் பெயரிடுதல் குறித்த சுற்றறிக்கை, முதல் வரைவு. "அம்மா பேரு வைக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டா மாத்திட்டுப் போறாங்க," என்றாள் தங்கை. எட்டாம் விதியில் மும்முரமாக இருந்தவர் காதில் அது விழவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், வாசலில் நின்றவரையும் சேர்த்தால் ஏழுதானே என்று நடுவில் ஒரு தரம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தீர்களே, கதவில்லாத இடம் வெளியிடம்தானா என்று நெற்றியைச் சுருக்கினீர்களே, அதை நான் கவனிக்காமல் இல்லை. குகை வாசலில் அந்தப் பாறை அப்படியேதான் கிடக்கிறது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு இடம் இருக்கும். எனக்குத் தெரியும், நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.